கயிற்றின் கடைசி ஆள்

பஸ்ஸில் தூங்கி வழிந்து வந்த இருநூறு பேரைக் காலை ஏழு மணிக்கு வரிசையில் நிறுத்தி, கையைத் தூக்கு, இடுப்பைத் திருப்பு என்று சொல்லி, அவர்களுடைய சாபத்தை வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் என் தொழில். கெலாங் பாத்தா பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் பாதுகாப்புப் பிரிவு உதவியாளர். பெயர் ஜெசிந்தா. கூப்பிடுவதோ 'டீச்சர்'. உடற்பயிற்சி, முதலுதவி, தசைப்பிடிப்பு, விளையாட்டில் வாங்கிய அடி எல்லாம் என் தலையில்தான் விடியும். கேட்காத ஆட்களுக்கு நல்லது சொல்லியே காலம் தள்ளுகிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். நம் பாடு நமக்குத்தானே தெரியும்.

ஐந்து நிமிடம்

ஒலிபெருக்கியில் மலாய்க் குரல் ஒன்று, இரண்டு என்று எண்ணும். நான் முன்னால் நின்று செய்து காட்டுவேன். முதல் வரிசை என்னைப் பார்த்துச் செய்யும். இரண்டாவது வரிசை முதல் வரிசையைப் பார்த்துப் பாதி செய்யும். கடைசி வரிசையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரிந்துகொண்டிருக்கும். நாள் முழுக்கப் பெட்டி தூக்கப்போகிறவர்கள் குளிர்ந்துபோன உடம்போடு போய்த் தூக்கக் கூடாது, அதற்குத்தான் இந்த ஐந்து நிமிடம் என்று நானும் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ரவி பண்டார் தெங்காராவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர். ஒருநாள் அவர் கையைக் காது வரைக்கும்கூடத் தூக்கவில்லை. முழுசாக நீட்டுங்கள் என்றேன். கொட்டாவி விட்டபடி சொன்னார்:

"டீச்சர், பஸ்ஸுல ரெண்டு மணி நேரம் மடங்கி வந்துருக்கேன். இப்ப நீட்டிட்டா, சாயங்காலம் திரும்ப மடக்குறதுக்கு யாரு வருவா?"

வீக்கம் நல்லது

அதே ரவி, வாரம் ஆறு நாள் உட்கார்ந்தே வண்டி ஓட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பதினெட்டு வயசுப் பையன்களோடு ஃபுட்சால், அதாவது சின்னத் திடல் கால்பந்து, ஆடப் போவார். வயசு நாற்பத்தொன்று. ஒரு சுற்று ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொள்வதெல்லாம் கிடையாது. சிகரெட்டை அணைத்துவிட்டு நேராகத் திடலில் இறங்குவார். ஒருநாள் திரும்பும்போது முழங்கால் மட்டும் திரும்பவில்லை.

எனக்குப் போன் போட்டார். ஐஸ் வையுங்கள், காலை உயரமாக வையுங்கள், இரண்டு நாள் யாரும் தொடக் கூடாது, நாளைக்கே டாக்டரைப் பாருங்கள் என்றேன். சரி சரி என்றவர், போனை வைத்ததும் நேராக உருவிவிடும் ஆளிடம் போயிருக்கிறார். அவர் சூடான எண்ணெயைப் போட்டு அரை மணி நேரம் அழுத்தித் தேய்த்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை ரவி நொண்டிக்கொண்டு வந்தபோது முழங்கால் பப்பாளிப்பழம் அளவுக்கு இருந்தது. அதற்குப் பிறகு ஃபுட்சால் இல்லை, படி ஏறுவதே பெரும்பாடு. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கத்தினேன். அவர் அப்பாவியாகச் சொன்னார்:

"நல்லா வீங்குனா கெட்ட ரத்தம் வெளிய வருதுன்னு அர்த்தமாம் டீச்சர். வீங்க வீங்க நான் சந்தோஷமால்ல இருந்தேன்!"

கோப்பை ஆசை

எங்கள் தொழிற்சாலையில் வருஷா வருஷம் விளையாட்டு நாள் உண்டு. அதில் மற்றதெல்லாம் சும்மா. பெண்கள் கயிறு இழுக்கும் போட்டிதான் மானப் பிரச்சினை. பேக்கிங் பிரிவு தொடர்ந்து மூன்று வருஷம் தோற்றிருந்தது. அதன் சூப்பர்வைசர் குணா என்னிடம் வந்து, ஆறு வாரத்தில் எட்டுப் பெண்களைத் தயார் செய்து கொடுங்கள் என்றார்.

ஆறு வாரத்தில் அவ்வளவு பலம் வந்துவிடாது. ஆனாலும் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். முதலில் கயிறே கிடையாது. சுவரில் முதுகைச் சாய்த்து பாதி உட்கார்ந்த மாதிரி நில்லுங்கள், தொடைக்குப் பலம் வரட்டும். ஒருநாள் பயிற்சி, ஒருநாள் ஓய்வு. கயிற்றை மணிக்கட்டில் சுற்றவே கூடாது. கையால் இழுக்காதீர்கள், காலால் தள்ளுங்கள். பெண்கள் சிரித்தார்கள், திட்டினார்கள், செய்தார்கள்.

கயிற்றின் கடைசியில் நிற்க வேண்டியவர் லெட்சுமி அக்கா. லாயாங் லாயாங் எஸ்டேட்டில் பிறந்தவர், நாற்பத்து நான்கு வயசு, பதினெட்டு வருஷமாக அதே பேக்கிங் லைன். ஆண்கள் தயங்குகிற பெட்டியை அவர் பேசிக்கொண்டே தூக்கி வைப்பார். கடைசி ஆள் கயிற்றை அக்குளுக்கடியில் விட்டு முதுகோடு சேர்த்துப் பிடிப்பார். மொத்தப் பாரமும் அவர் தோளில்தான். அந்த வருஷம் லைன் லீடர் பதவி காலியாகப்போகிறது, அது லெட்சுமி அக்காவுக்குத்தான் என்று பேச்சு. விளையாட்டு நாளுக்கு அடுத்த வாரம் நேர்காணல். முடிவு குணா கையில். அந்தக் குணா பயிற்சியை வேடிக்கை பார்த்தபடி என்னிடம் சொன்னார்:

"அந்தம்மா பின்னால நின்னா போதும் டீச்சர், பாதி ஜெயிச்ச மாதிரி. அதுக்கெல்லாம் வலியே வராது லா."

தூக்கத்தில் மடங்கிய கை

மூன்றாவது வாரம் உடை மாற்றும் அறையில் லெட்சுமி அக்கா முடியைக் கொண்டை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எல்லாவற்றையும் இடது கையே செய்தது. வலது கை சும்மா ஹேர்பின்னைப் பிடித்துக்கொண்டிருந்தது. என்னக்கா என்றேன். ஒன்றுமில்லை, தூக்கத்தில் கை மடங்கிவிட்டது என்றார். வலது கையைத் தூக்கச் சொன்னேன். காது வரைக்கும் வரவில்லை. முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகச் சொன்னேன். இடுப்போடு நின்றது, முகம் வெளுத்தது. ஒரு ராத்திரியில் வந்த வலி இல்லை அது. குறைந்தது ஒரு வருஷமாவது அந்தத் தோள் தேய்ந்துகொண்டே வந்திருக்க வேண்டும்.

காயப் பதிவுப் புத்தகத்தில் எழுதி, கிளினிக்குக்கு அனுப்பி, பாரம் தூக்காத வேலைக்கு மாற்றச் சொல்வதுதான் முறை. என் வேலையே அதுதான். பேனாவை எடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பாரம் தூக்க முடியாதவள் என்று பேர் வந்துவிட்டால் குணா லீடர் பதவி தரமாட்டார் என்றார். லீடர் ஆகிவிட்டால் பெட்டி தூக்க வேண்டாம், பேனாவும் அட்டையும்தான். தோள் தப்பிக்க அதைவிட்டால் வேறு வழியில்லை என்பது அவர் கணக்கு. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் என்னைக் கெடுத்தது. கதவுப் பக்கம் யாரோ வரும் சத்தம் கேட்டு அவசரமாகச் சொன்னார்:

"இன்னும் மூனு வாரம்தான் டீச்சர். நீங்க எதையும் பாக்கல, நானும் எதையும் சொல்லல. சரியா?"

யாருக்கு இந்த மருந்து?

நான் எழுதவில்லை. அதற்குப் பதிலாக ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்தேன். சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர் ரூமில் வைத்து அவருக்குத் தனியாகப் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவது, சுவரில் விரல்களால் மேலே ஏறிப் போவது, பழைய மோட்டார் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டவைத்து இழுப்பது. பத்து நாளில் கை கண் மட்டத்திலிருந்து நெற்றி வரைக்கும் வந்தது. இரண்டு பேருக்கும் ஒரே குஷி. வலி குறைந்ததும் அவர் கூடுதலாகப் பெட்டி தூக்கினார், கயிற்றையும் கூடுதல் நேரம் இழுத்தார். குறைந்தது வலிதான், காயம் இல்லை என்று எனக்குத் தெரியும். சொன்னேன். அழுத்திச் சொல்லவில்லை.

வலி நிவாரண ஜெல் வாங்க கிளினிக்குக்குப் போனேன். நர்ஸ் காக் தோன் மலாய்க்காரர், தமிழர்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். இரண்டாவது டியூப் கேட்டபோது, யாருக்கு என்றார். எனக்குத்தான், தோள் வலி என்றேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னை ஏற இறங்கப் பார்த்தார்:

"உனக்கா? அலமாக், நீ வெறுங்கையத் தவிர வேற ஒன்னும் தூக்கி நான் பாக்கல லா, ஜெசி."

மூன்றாவது இழுப்பு

விளையாட்டு நாளன்று எட்டுப் பெண்களையும் நன்றாக வியர்க்கும்வரை ஓடவிட்டு, கை கால்களை அசைக்க வைத்துத் தயாராக நிறுத்தினேன். அந்த நேரம் பார்த்து மேலிடத்து விருந்தினர் வந்தார். முக்கால் மணி நேரம் பேசினார், ஆரோக்கியத்தைப் பற்றித்தான். தூறலில் நின்று உடம்பெல்லாம் சில்லிட்டுப் போயிற்று. இன்னொரு ஐந்து நிமிடம் கொடுங்கள், மறுபடி சூடாக்கிக்கொள்ளட்டும் என்று குணாவிடம் கெஞ்சினேன். நேரமில்லை என்று கையை ஆட்டிவிட்டார்.

முதல் இழுப்பில் ஜெயித்தோம். இரண்டாவதில் தோற்றோம். மூன்றாவதில் ஈரப் புல்லில் முன்னால் நின்ற இரண்டு பேர் வழுக்கி விழ, கயிறு விர்ரென்று எதிர்ப்பக்கம் போனது. லெட்சுமி அக்கா குதிகாலை மண்ணில் ஊன்றிச் சாய்ந்தார், கயிறு நின்றது. அந்த நொடியில் அவர் முகம் மாறியதை நான் ஒருத்திதான் பார்த்தேன். நிறுத்துங்கள் என்று கத்தியிருக்க வேண்டும். விழுந்தவர்கள் எழுந்து பிடித்து, ஓரடி ஓரடியாக இழுத்து ஜெயித்துவிட்டார்கள்.

எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். கோப்பையை வாங்க லெட்சுமி அக்காவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். வலது கை பக்கத்தில் அப்படியே தொங்கியது. இடது கையை நீட்டினார். கூட்டத்துக்கு நடுவிலிருந்து குணா சிரித்துக்கொண்டே கத்தினார்:

"சோத்துக் கையால வாங்குங்கம்மா, பெரிய மனுசன் குடுக்குறாரு!"

ஃபாரத்தில் ஒரு கேள்வி

தோள்பட்டைத் தசைநார் கிழிந்துவிட்டது. ஆபரேஷன் செய்தாலும் பழைய பலம் வராது, பாரம் தூக்குகிற வேலை இனி வேண்டாம் என்றார் டாக்டர். விபத்து ஃபாரத்தை நான்தான் நிரப்ப வேண்டும். அதில் ஒரு கேள்வி: இந்த இடத்தில் முன்பே வலியோ காயமோ இருந்ததா? 'இல்லை' என்று எழுதினேன். இழப்பீடு கைநழுவாமல் அவரைக் காப்பாற்றத்தான் எழுதினேன் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். என்னையும் அது காப்பாற்றியது என்பது கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் உறைத்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

நேர்காணலுக்குக் கையைத் துணித்தொட்டிலில் கட்டிக்கொண்டே போனார் லெட்சுமி அக்கா. பதவி வேறொரு பெண்ணுக்குப் போனது. நல்ல பெண்தான், அவளைக் குறை சொல்ல முடியாது. நான் குணாவின் அறைக்குப் போய்ச் சண்டை போட்டேன், மூன்று வருஷமாகக் கிடைக்காத கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் ஆயிற்றே என்றேன். கோப்பை அவர் மேஜையில்தான் இருந்தது. அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"லீடர்னா ஆளு பத்தாதப்ப எறங்கிப் பெட்டி தூக்கணும் டீச்சர். பாவம்தான், ஆனா கையில்லாத ஆள வெச்சிக்கிட்டு நான் என்னா பண்றது?"

லேபிள் மேஜை

இப்போது லெட்சுமி அக்கா ஒரு மூலையில் உட்கார்ந்து, இடது கையால் லேபிள் ஒட்டுகிறார். பழகியவர்கள் யாரும் அந்த மூலையில் இல்லை. என் பயிற்சிகளைத் தினமும் செய்கிறார். கை தோள் மட்டத்துக்கு மேல் போவதில்லை. போன மாதம்தான் தைரியம் வந்து பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்திருந்தும் எழுதாமல் விட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று சொல்லி அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. கையிலிருந்த லேபிளைக் கோணாமல் ஒட்டி, விரலால் ஒருமுறை நீவிவிட்டுச் சொன்னார்:

"நான் கெஞ்சுனப்ப நீ கொஞ்சம் முரண்டு புடிச்சிருக்கலாம் ஜெசி. ஒரு வருசம் ஒன்கிட்ட பேசியிருக்க மாட்டேன், ஆனா கை இருந்துருக்கும்."

அன்றிலிருந்து யார் சின்னதாக முகம் சுளித்தாலும் நான் புத்தகத்தை எடுத்து எழுதிவிடுகிறேன், அதனால் யாரும் என் கண்ணெதிரே முகம் சுளிப்பதே இல்லை, இந்த வருஷம் ஒரு காயம்கூடப் பதிவாகவில்லை என்று மேலிடம் எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறது.