பெயர் தெரியாத மாத்திரை

ஜவ்வாது மலைக்குக் கிளம்புவதற்குள் மருந்துப் பையைப் பலமுறை கொட்டிக் கவிழ்த்து அடுக்கிவிட்டேன். என் மனைவிக்குச் சிரிப்பு. "காட்டுல ஒரு ராத்திரி தங்கப் போறோம், மெடிக்கல் ஷாப் வெக்கப் போறோமா?" என்றாள். அவளுக்கென்ன, சிரிப்பாள். போன வருடம் பல் வலிக்கு ஒரு மாத்திரை போட்டு, கொஞ்ச நேரத்தில் கண்ணும் உதடும் வீங்கி மூச்சுத் திணறியவள் அவள்தான். ராணிப்பேட்டையில் எங்களுக்கு அடுத்த தெருவிலேயே ஆஸ்பத்திரி. ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். மலையிலோ போனுக்கு டவரே கிடையாது. ரோட்டுக்கு வரவே அரை நாள் நடக்க வேண்டும்.

அந்த வலி மாத்திரையோ அதன் இனத்தில் வேறெதுவோ இனி வாயில் படக்கூடாது, பாராசிட்டமால் போடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் வீட்டு மருந்து டப்பாவைத் திறந்தால் எல்லாம் வெட்டிய துண்டுகள். எங்கள் பக்கம் யார் பெயர் சொல்லி மாத்திரை வாங்குகிறோம்? "உடம்பு வலிக்கு ஒரு செட்" என்றால் கடைக்காரர் நாலைந்து அட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்துக் காகித உறையில் போட்டுத் தருவார். பெயர் இருந்த பக்கம் கடையிலேயே நின்றுவிடும். மஞ்சள் மாத்திரை, பெரிய வெள்ளை மாத்திரை, அவ்வளவுதான் நமக்குத் தெரியும்.

டப்பாவோடு குப்பையில் கொட்டினேன். கடையில் முழு அட்டைதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். "ஒரு நாளைக்கு எதுக்குப்பா இவ்ளோ ஜாஸ்தி?" என்றார் கடைக்காரர். பாராசிட்டமால், பேதிக்கு, அரிப்புக்கு, புண்ணுக்குக் களிம்பு. எல்லாம் வாங்கியும் நிம்மதியில்லை. பஸ்ஸிலும் ஜிப்பைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே போனேன்.

மறுநாள் இறக்கத்தில் அவளுக்கு முட்டி பிசகிவிட்டது. கட்டுப் போட்டு பாராசிட்டமால் கொடுத்தேன். கேட்கவில்லை. ஷூ கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கும் தோஸ்த் ஒருவனும் எங்களுடன் வந்திருந்தான். அவன் சட்டைப் பையிலிருந்து காகித உறையை எடுத்தான்.

"இத போட்டுக்கங்க அண்ணி. நேத்து எனக்கு உடனே கேட்டுச்சு."

அவள் வாங்கிவிட்டாள்.

"அது இன்னா மாத்திரைடா?" என்றேன்.

"வலி மாத்திரைண்ணா. பேரு யாருக்குத் தெரியும்?"

அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "வலி உங்களுக்கா எனக்கா? சும்மா பேஜார் பண்ணாதீங்க. எல்லா மாத்திரையும் அதுவாவே இருக்குமா?"

இருக்காதுதான். அது எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குத் தன் முகம் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியாது, மயங்கிக் கிடந்தாள். பார்த்தவன் நான். அவன் எதிரிலேயே அழுதுவிட்டேன்.

"உன் மூஞ்சிய நீ பாக்கலடி" என்றேன்.

மாத்திரையை அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் தோளைப் பிடித்து எழுந்தாள். "நடங்க" என்றாள்.

ரோடு வரும்வரை முனகிக்கொண்டே வந்தாள். கேட்கக் கேட்கப் பாவமாக இருந்தது. முனகல் நின்றபோதெல்லாம் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன்.