தவிட்டுக்கு வாங்கிய மகள்

அந்த வருஷம் புதன்கிழமை என்றாலே விருத்தாம்பாளுக்கு உடம்பு கனத்துப்போகும். ஒன்பது வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு சேவூரிலிருந்து ஆரணிக்கு ஒரு பஸ், அங்கிருந்து கண்ணமங்கலம் வழியாக வேலூருக்கு இன்னொரு பஸ். அன்று முழுக்கத் தறி சும்மா கிடக்கும். புருஷன் தருமன் முகம் கொடுத்துப் பேசமாட்டான். எழுபத்தெட்டாம் வருஷம் அது. மகள் வாய் திறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

பிறவி ஊமை இல்லை. பொங்கல் வரைக்கும் தெருவே காதைப் பொத்திக்கொள்ளும்படி பேசிய பெண்தான். திடீரென்று நின்றுபோனது. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள், அவ்வளவுதான். வீட்டில் சொன்ன வேலையைச் செய்வாள். சோறு போட்டால் தின்பாள், போடாவிட்டால் கேட்கமாட்டாள். அந்தக் கேட்காததுதான் விருத்தாம்பாளை அறுத்தது.

அவளும் என்னதான் செய்யவில்லை? படவேட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்கிக் குடிக்க வைத்தாள். தாயத்துக் கட்டினாள். ஆரணி டாக்டர் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இங்கே ஒன்றும் கோளாறு இல்லை, வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற இடம் தனியாக இருக்கிறது, கூட்டிப்போ என்றார். தெருவில் அவள் இதை மூச்சுவிடவில்லை. தெரிந்தால் பைத்தியம் என்று பெயர் கட்டிவிடுவார்கள், நாளைக்கு எவன் கட்டிக்கொள்வான்? காதுவலிக்குப் போவதாகச் சொல்லி வைத்திருந்தாள்.

அங்கே மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. ஜெபராணி என்ற அம்மாள் காகிதமும் கலர் பென்சிலும் கொடுத்து மகளைப் படம் போடவிட்டு, தாயிடம் கேள்வி கேட்பாள். இரண்டு புதன் இப்படியே போனது. இதற்கா இத்தனை தூரம் என்று விருத்தாம்பாளுக்கு அலுப்பாக வந்தது. ஆனாலும் மரியாதையாக டீச்சர் என்று கூப்பிட்டாள். கழுத்தில் குழாய் மாட்டாதவளை டாக்டர் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மூன்றாவது புதன், சீட்டைப் பார்த்துக்கொண்டே ஜெபராணி கேட்டாள்.

"தவுட்டம்மான்னு ஏம்மா பேரு வச்சீங்க?"

"தவுட்டுக்கு வாங்கனதுங்க டீச்சர்."

சேவூரில் இதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள். எத்தனையோ வீட்டில் இருக்கிற பெயர். ஆனால் மகளின் கையில் ஓடிக்கொண்டிருந்த பென்சில் நின்றுவிட்டது. ஜெபராணி அதைப் பார்த்துவிட்டாள்.

"இவகிட்ட அத எப்பனா சொல்லியிருக்கீங்களா?"

"எல்லாரும் சொல்றதுதானுங்க," என்றாள் விருத்தாம்பாள். சொன்ன பிறகுதான் அந்த நாள் நினைவுக்கு வந்தது. முகூர்த்தச் சேலை தறியில் இருந்தது. முதலாளியின் ஆள் ஜல்தி ஜல்தி என்று இரண்டு தடவை வந்துபோயிருந்தான். மகள் ஓடிவந்த வேகத்தில் சொம்புத் தண்ணீர் பட்டிழைமேல் கவிழ்ந்து, அரக்குச் சாயம் மஞ்சளில் இறங்கிவிட்டது. ஒரு வார வேலை பாழ். "உன்ன வாங்கன தவுட்ட மாட்டுக்கு வச்சிருந்தாலும் ரெண்டு வேள பால் கறந்திருக்கும்" என்று கத்தினாள். அடிக்கக்கூட இல்லை. அடிக்காமல் விட்டதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"பொங்கல் முடிஞ்ச வாரமுங்க. அதுக்கப்புறம்தான் நின்னுச்சு," என்றாள். குரல் இறங்கிவிட்டது.

"எதுக்கு வாங்கினீங்கன்னு அவளுக்குத் தெரியுமா? எங்கிட்ட சொல்லாதீங்க. அவகிட்ட சொல்லுங்க."

பெற்ற பிள்ளையிடம் பேச அவளுக்குக் கூச்சமாக இருந்தது. நாற்காலியை விட்டு இறங்கி மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"உனக்கு முன்னாடி ரெண்டு பேரு பொறந்தாங்கம்மா. அண்ணன் ஒருத்தன், அக்கா ஒருத்தி. ஒண்ணு மூணு மாசம், ஒண்ணு முப்பது நாளு. தங்கல. நீ எங்கூட்டுப் பிள்ளைன்னு தெரிஞ்சா எமன் உன்னையும் தூக்கிகினு போயிடுவான்னு சொன்னாங்க. அதனால உன்ன முறத்துல போட்டு எதிர்வூட்டு சின்னபொண்ணுகிட்ட குடுத்துட்டேன். அவ குப்பமேட்டுல வச்சா. அப்புறம் ஒரு பிடி தவுட்ட அவகிட்ட குடுத்து உன்ன வாங்கிகினேன். ஒண்ணுத்துக்கும் ஆவாத பிள்ளைன்னு நெனச்சிகினு எமன் திரும்பிப் போவட்டும்னு செஞ்சதும்மா. நீ என் வயித்துல பொறந்தவதான்."

மகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வராண்டாவில் யாரோ யாருடைய நம்பரையோ கூப்பிட்டார்கள்.

"அப்ப அவங்க ரெண்டு பேரையும் ஏம்மா விக்கல?"

இந்தக் குரலுக்காகத்தான் ஐந்து மாதமாக ஊர் ஊராக அலைந்தாள். வந்த குரல் கரகரவென்று, பாதி காற்றாக இருந்தது. கேட்டதும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை, அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதைத் தவிர.

"எனக்கு அப்ப தெரியலம்மா," என்று சொல்லிவிட்டு, மகளின் மடியில் தலையை வைத்து அழுதாள்.