ஏனக்காவும் ஒரு மெகாபைட்டும்

"எட்டாயிரத்து எண்பது. ஏன்?" என்று திரையைப் பார்த்துக் கேட்கிறார் ஏனக்கா. கைப்பை இன்னும் தோளிலிருந்து இறங்கவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை; கேள்வி கணினிக்குத்தான்.

நிரலில் ஒரு வரி ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. தெரிந்துகொண்டதும் அந்த வரிக்கு மேலேயே காரணத்தை எழுதிவைப்பார். அதனால் எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ஏனக்கா என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவோம். "ஏன் கூப்பிட்ட?" என்று திரும்புவார்.

வயது நாற்பத்து நான்கு. இருபது வருடமாக நிரல் எழுதுகிறார், இன்றைக்கும் இரண்டு விரலால்தான் தட்டுகிறார். மதியச் சாப்பாட்டை டப்பாவின் மூடியில் போட்டுத்தான் சாப்பிடுவார். நடுவில் மகள் போன் செய்து வைஃபை வரவில்லை என்பாள். "வரலைன்னா என்னடி அர்த்தம்? பெட்டியில விளக்கு எரியுதா, எரியலையா? அதைச் சொல்லு முதல்ல."

நாங்கள் ஒரு கண் மருத்துவமனைக்காக ஜாவாவில் செயலி எழுதிக் கொடுத்திருக்கிறோம். வெப் சர்வர் தனியாகக் கிடையாது, செயலிக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. அது எந்தப் போர்ட்டில், அதாவது எட்டாயிரத்து எண்பது மாதிரி எந்த எண்ணுள்ள வாசலில், காத்திருக்க வேண்டும், ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் ஒரு சின்ன அமைப்புக் கோப்பு தீர்மானிக்கும். நாம் எதையாவது சொல்லாமல் விட்டால் சர்வர் தன் பழக்கப்படி நடந்துகொள்ளும். அந்தப் பழக்கத்துக்கு டீஃபால்ட் என்று பெயர். ஏனக்காவிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. "யாரோ முன்பின் தெரியாதவன் முடிவு பண்ணி வச்சது. அவனுக்கு நம்ம ஆஸ்பத்திரியைத் தெரியுமா?"

போன மாதம் ஒரு கிளைச் சிகிச்சையகத்திலிருந்து புகார் வந்தது. அங்குள்ள செவிலியர் நோயாளிகளின் விழித்திரையைப் படம் எடுத்து எங்கள் செயலி வழியாக மருத்துவருக்கு அனுப்ப வேண்டும். பதினொரு நாளாக ஒரு படமும் போய்ச் சேரவில்லை. பணியில் அலட்சியம் என்று மருத்துவமனை அந்தப் பெண்ணுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்துவிட்டது. எங்கள் மேலாளரும் பார்த்த மாத்திரத்தில், "யூசர் எரர். புகாரை மூடிடுங்க" என்றார்.

ஏனக்கா மூடவில்லை. செவிலியரையே போனில் பிடித்தார்.

"அனுப்பினேன் மேடம். ஒவ்வொண்ணுக்கும் பச்சை டிக் வந்துச்சு. சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

"மேடமெல்லாம் வேண்டாம்மா. அங்க சமீபத்துல ஏதாவது மாறுச்சா?"

"புது கேமரா வந்துச்சு. படம் நல்லா தெளிவா விழுது."

படம் தெளிவானால் கோப்பும் பெரிதாகும்; அதற்கு மேல் ஏனக்கா கேட்கவில்லை. மூன்று மெகாபைட் அளவில் ஒரு படத்தை எடுத்துத் தானே அனுப்பினார். திரையில் பச்சை டிக். சர்வரின் பதிவேட்டில் நிராகரிப்பு. கோப்பு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று நாங்கள் எங்கேயும் எழுதவில்லை. எனவே தன் பழக்கப்படி ஒரு மெகாபைட்டைத் தாண்டிய எதையும் சர்வர் வாங்க மறுத்திருக்கிறது. அந்த மறுப்பைக் காதில் வாங்காமலேயே எங்கள் திரை டிக் போட்டிருக்கிறது.

மேலாளரை நாற்காலியோடு இழுத்துவந்து காட்டினார். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு வரிதானே? மாத்திடுங்க. புதுப் பதிப்போட ரிலீஸ் நோட்ல செயல்திறன் மேம்பாடுன்னு போட்டுக்கலாம்" என்றார்.

"மேம்பாடா?" தளம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "பதினொரு நாள் அந்தப் பொண்ணு திட்டு வாங்கியிருக்கா சார். நாப்பத்தோரு பேரோட படம் குப்பைக்குப் போயிருக்கு. தப்பு நம்மளோடது, அவமானம் அவளுக்கு, மேம்பாடு நமக்கா? சொல்லவே நாக்கு கூசலை?"

மேலாளர் எழுந்து போய்விட்டார்.

வரியை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சர்வர் மறுத்தால் திரை சிவப்பில் சொல்ல வேண்டும் என்று மாற்ற அரை நாள் ஆனது. நாற்பத்தொரு பேரையும் திரும்ப அழைத்துப் படம் எடுத்தார்கள். அவர்களில் ஒருவர் தையல்காரர். வலது கண்ணில் ரத்தக்கசிவு. பார்வை பாதி போயிருந்தது. முன்பே பார்த்திருந்தால் தப்பித்திருக்குமா என்று மருத்துவராலும் சொல்ல முடியவில்லை. அதைக் கேட்ட அன்று ஏனக்கா டப்பாவைத் திறக்கவில்லை.

"எவன் இதை யோசிக்காம விட்டான்?" என்று கொதித்தபடி அமைப்புக் கோப்பின் பழைய மாற்றங்களைப் புரட்டினார். அந்தக் கோப்பை முதன்முதலில் உருவாக்கியவரின் பெயர் மூன்று வருடத்துக்கு முந்தைய தேதியோடு வந்து நின்றது. ஏனக்காவின் சொந்தப் பெயர்தான். இருந்த வரிகள் ஒவ்வொன்றையும் குடைந்து கேட்டவர், இல்லாத வரியைக் கேட்டிருக்கவில்லை. முகம் காது மடல்வரை சிவந்திருந்தது.

மருத்துவமனைக்கு அனுப்பும் விளக்க அறிக்கையில் 'காரணமானவர்' என்று ஒரு கட்டம் உண்டு. மேலாளர் திரும்பி வந்து மெதுவாகச் சொன்னார்: "குழுன்னு போடுங்க. எல்லாரும் அப்படித்தானே போடறாங்க. எதுக்கு வம்பு?"

"குழுவா சார் அந்தக் கோப்பை எழுதுச்சு?"

இரண்டு விரலால் தன் முழுப்பெயரைத் தட்டினார். மின்னஞ்சலின் பெறுநர் வரிசையில் மருத்துவமனை நிர்வாகியின் முகவரிக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி வைத்து, செவிலியரின் முகவரியையும் எழுத்தெழுத்தாகச் சேர்த்து, அனுப்பினார்.