குரல் இல்லாமல் வந்த படகுக்காரி

எங்கள் தெரு முனையில் சலவைக் கடை வைத்திருக்கும் அக்காவுக்குப் பேச்சு குறைவு. துணியை வாங்கி, கறை இருக்கும் இடத்தை விரலால் தொட்டு, "எதனால?" என்று மட்டும் கேட்பார். மையா, எண்ணெயா, ரத்தமா என்று சொன்னால் போதும். தலையை ஆட்டிவிட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவார். துவைக்கும் இயந்திரங்கள் எல்லாம் ஒன்றாகச் சுழன்று கடையே அதிர்ந்துகொண்டிருந்தாலும் அந்த ஒற்றைச் சொல் தெளிவாகக் காதில் விழும். அந்தக் குரலைத் தேடிக்கொண்டு எங்கெங்கோ இருந்து ஆட்கள் கிளம்பினார்கள் என்பது எனக்குத் தெரிந்தது எல்லாம் முடிந்த பிறகுதான்.

கல்யாணத்துக்கு முன்பு, கணினி விளையாட்டுகள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் அக்கா வரவேற்பு மேசையில் இருந்தார். டயர் கடைக்கு மேலே இரண்டே அறை. ஒன்றில் முதலாளியும், நிரல் எழுதுகிறவரும், படம் வரைகிறவரும் முதுகோடு முதுகு உரச உட்கார்ந்திருப்பார்கள். மற்றதில் அக்காவும் ஒரு தொலைபேசியும். முதலாளிக்குப் பிடிக்காதவர்கள் கூப்பிட்டால் "இப்பத்தான் வெளிய போனார்" என்று சொல்வதுதான் அக்காவின் பெரிய வேலை.

அவர்கள் செய்த கடைசி விளையாட்டின் பெயர் 'பனித்துறை'. ஆற்று முகத்துவாரம் முழுக்க மூடுபனி. விளையாடுகிறவர் அதற்குள் படகு ஓட்ட வேண்டும். முன்னால் ஒரு படகுக்காரி தன் படகில் போய்க்கொண்டே வழி சொல்லுவாள். "நிறைய படம் வரைய ஆள் இல்லை, அதான் பனியைக் கொட்டி மூடிட்டாங்க" என்று அக்கா இப்போது சொல்லிச் சிரிப்பார். படகுக்காரிக்குக் குரல் கொடுக்க வேண்டியவர் முதலாளியின் தங்கை. ஒலிப்பதிவு அன்று பார்த்து அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாடகைக்கு எடுத்த ஒலிவாங்கியை மாலையில் திருப்பித் தர வேண்டும். முதலாளி வெளியே வந்து வரவேற்பு மேசையைப் பார்த்தார்.

"நீ வாசிக்கிறியாம்மா?"

சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்ட அறைக்குள் நின்று அக்கா வாசித்தார். "இடப்பக்கம் பாறை, மெதுவா." "இங்க நீரோட்டம் இழுக்கும், துடுப்பை விட்டுடாதீங்க." "பயப்படாதீங்க, என் குரலைப் பிடிச்சிட்டே வாங்க." ஒரு மதியம் முழுக்க அதுதான். முதலாளி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பிரமாதம்" என்றார். அதுவரை யாரும் அக்காவின் எந்த வேலையையும் அப்படிச் சொன்னதில்லை.

விளையாட்டு வெளியானதும் வட்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய், பக்கத்து வீட்டுக் கணினியில் போட்டு அம்மாவை உட்கார வைத்தார். முடிவில் பெயர்கள் ஓடின. நிரல், ஓவியம், இசை எல்லாம் வந்தது. 'காவல்: டயர் கடை நாய்' என்று கேலிக்கு ஒரு வரிகூட வந்தது. குரல் என்ற இடத்தில் முதலாளியின் தங்கை பெயர்.

"எங்கடி உன் பேரு?" என்றார் அம்மா. "நாய் பேரு கூட வருது."

மறுநாள் கேட்டதற்கு முதலாளி, "அது முன்னாடியே செஞ்சு வெச்சது. அடுத்த பதிப்புல மாத்திடலாம், விடு" என்றார். அடுத்த பதிப்பு வரவில்லை. கம்பெனியும் மூடிவிட்டது. அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. கணவர் வேன் ஓட்டுகிறவர். மருத்துவமனைகளிலிருந்து படுக்கை விரிப்புகளை அள்ளிக்கொண்டு வந்து, துவைத்ததும் கொண்டுபோய்க் கொடுப்பார். இருவருமாக வைத்த சலவைக் கடை பெருகியது. அக்கா அந்தப் பழைய கதையை யாரிடமும் பேசவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. அம்மா கேட்ட கேள்வி மட்டும் முள் மாதிரி உள்ளேயே இருந்தது.

தலை பாதி நரைத்த பிறகு ஒருநாள் கடைத் தொலைபேசி அடித்தது. ஓர் ஆண் குரல், மரியாதையும் நிதானமுமாக.

"அக்கா, நீங்க பனித்துறையில படகுக்காரியா பேசினவங்கதானே?"

அக்கா கையில் இருந்த சட்டையைக் கீழே வைத்தார். "யாருங்க நீங்க?"

"ஒரு ஆபீஸ்ல டெலிபோன் ஆப்பரேட்டருங்க. எங்க ஆளுங்களும் ஆப்பரேட்டர்னுதான் கூப்பிடுவாங்க. பழைய விளையாட்டுப் பிரியர்கள் ஒரு குழுவா இருக்கோம். பனித்துறையை மறுபடி விற்பனைக்குக் கொண்டுவரணும்னு ரொம்ப நாளா அலையறோம்."

அவர் விவரமாகச் சொன்னார். பழைய விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. கேட்கிற ஆட்கள் நிறையப் பேர் இருந்தால்தான் கடை திரும்பிப் பார்க்கும். குழு ஊர் ஊராக ஆள் திரட்டி ஆதரவு காட்டியது. கீறல் இல்லாத வட்டு ஒன்றைத் தேடிக் கொடுத்தது. இன்றைய கணினிகளில் ஓடாமல் இருந்ததை ஓட வைத்தும் கொடுத்தது. கடைசியில் கடை, உரிமை உள்ள எல்லோரும் சம்மதித்தால் வெளியிடுகிறோம் என்றது. ஒவ்வொருவராகக் கண்டுபிடித்து எல்லோரிடமும் சம்மதம் வாங்கியாகிவிட்டது. குரலுக்கு மட்டும் எந்த ஒப்பந்தமும் இல்லை. முதலாளியின் தங்கையைக் கேட்டபோது, "அது நான் இல்லைங்க, வரவேற்புல இருந்த பொண்ணு" என்று உள்ளதைச் சொல்லிவிட்டார்.

"நீங்க சரின்னு சொன்னா போதும் அக்கா. உங்க பேரையும் சரியாப் போடச் சொல்லிட்டோம். கடைக்காரங்க ஒத்துக்கிட்டாங்க."

சரி என்று சொல்லத்தான் அக்கா வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"அவரு எங்க? எங்க பழைய முதலாளி?"

"இருக்காருங்க. சோபா, கட்டில் விக்கிற கடை வெச்சிருக்கார். அவர் எப்பவோ சரின்னுட்டார்."

"அவரை எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க. அன்னிக்கு செஞ்சது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் நான் சொல்றேன்."

ஆப்பரேட்டர் மறுத்துப் பேசவில்லை. "சரிங்க அக்கா. உங்க நியாயம் உங்களுக்கு" என்றார். அதற்குப் பிறகும் அவ்வப்போது கூப்பிட்டார். ஒருமுறைகூட நெருக்கவில்லை. படகுக்காரி பேசும் இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, "இந்த இடத்துல நீங்க லேசா மூச்சு வாங்குவீங்க, அதுதான் அழகு" என்பார். அக்காவுக்கே மறந்துபோன இடங்கள் அவை. அந்தப் பேச்சுக்காகவே அந்த அழைப்புகளுக்கு அக்கா காத்திருக்கத் தொடங்கியதும் உண்மை.

ஒரு சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். "வணக்கம், சலவைக் கடைங்களா?" என்றதுமே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. குரலில் பழைய மிடுக்கு இல்லை, வயதாகியிருந்தது. அவர் அக்காவின் பெயரைச் சொல்லி, "இருக்காங்களா?" என்று கேட்டார்.

இத்தனை வருஷம் கேட்க நினைத்த வார்த்தை ஒரு கம்பித் தூரத்தில் இருந்தது. ஆனால் அவர் கூப்பிட்டவுடனே கிடைத்துவிட்டால் அதற்கு என்ன மதிப்பு என்று ஒரு வீம்பு எழுந்தது. இன்னும் இரண்டு முறை அலையட்டும்.

"இல்லைங்க. வெளிய போயிருக்காங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

துணி மூட்டையோடு உள்ளே வந்த கணவர் அதைக் கேட்டுவிட்டார். "யாரு?"

"அவருதான்."

"அடிப்பாவி. அவரே கூப்பிட்டும் இல்லைன்னுட்டியா? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையா இருக்கு."

"மறுபடி கூப்பிடுவார்."

"கூப்பிடலைன்னா?"

"கூப்பிடலைன்னா போகட்டும்."

முதலாளி மறுபடி கூப்பிடவில்லை. இணையக் கடைக்காரர்கள் வெளியீட்டுக்குக் குறித்த தேதி நெருங்கியது. ஆப்பரேட்டர் கடைசியாக ஒருமுறை பேசினார். "அக்கா, இதுக்கு மேல தள்ளிப்போட மாட்டாங்களாம். குரலை எடுத்துட்டு, பேச்சை எழுத்துல காட்டி வெளியிடப்போறாங்க. நீங்க வருத்தப்படாதீங்க. விளையாட்டாவது வெளிய வருதே."

அப்போதும் ஒரு 'சரி' போதுமாக இருந்தது. அக்கா, "உங்க இஷ்டம்" என்றார்.

விளையாட்டு வெளியான அன்று அக்கா கல்லாவில் உட்கார்ந்து, கைப்பேசியில் குழுவின் பக்கத்தைத் திறந்தார். குரல் இல்லையே என்று யாராவது வருத்தப்படுகிறார்களா என்று பார்க்க ஆசை. நிறையப் பேர் வருத்தப்பட்டிருந்தார்கள். 'படகுக்காரி வாயசைக்கிறாள், சத்தம் வரவில்லை. பிணம் வழிகாட்டுகிறது போலிருக்கிறது' என்று ஒருவர். 'பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன்' என்று இன்னொருவர். அக்காவுக்கு உள்ளூர ஒரு திருப்தி. இல்லாதபோதுதானே அருமை தெரிகிறது என்று நினைத்துக்கொண்டார்.

அதற்குக் கீழே வேறொன்று இருந்தது. 'எல்லாத்தையும் ஆரம்பிச்சு வெச்ச ஆப்பரேட்டரே இதை விளையாட முடியாமப் போச்சு. அதுதான் எனக்குத் தாங்கலை.' ஏன் என்று யாரோ கேட்டிருந்தார்கள். பதில் வந்திருந்தது: 'அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. அந்தக் காலத்துல அவரால தனியா விளையாட முடிஞ்ச ஒரே விளையாட்டு இதுதான். திரை முழுக்க பனி, வழி முழுக்க குரல். நமக்கும் அவருக்கும் வித்தியாசமே இல்லாம இருந்துச்சு. அவர் இருக்கற பார்வையற்றோர் சங்கத்துல அவரை மாதிரி நிறையப் பேரை இதுக்காகச் சேர்த்து வெச்சிருந்தார். அவங்களும் வாங்கிப் பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. எழுத்தும் படமா வருது, வாசிச்சுச் சொல்ற மென்பொருளுக்கு அது பிடிபடலை.'

அக்கா அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். வாடிக்கையாளர் ஒருவர் கோட்டு ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்ததுகூடத் தெரியவில்லை. பிறகு உள்ளே போய், துணிக்குவியலுக்கு நடுவே நின்று, முதல்முறையாகத் தானே ஆப்பரேட்டரைக் கூப்பிட்டார்.

"ஏன் என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டார். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "சொன்னா பாவம் பார்த்து சரின்னு சொல்லியிருப்பீங்க அக்கா. உங்க கோபம் நியாயமானது. அதை என் கண்ணை வெச்சு அமுக்கறது சரியில்லைன்னு தோணுச்சு."

"இப்ப சரின்னு சொல்றேன். இப்பவே கடைக்காரங்ககிட்ட சொல்லிடுங்க. நான் ஒரு மடச்சி, கண் கெட்ட பிறகு..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மறுமுனையில் சிரிப்பு. "சூரிய நமஸ்காரம். முழுசா சொல்லுங்க அக்கா, எனக்கு ஒண்ணும் இல்லை. ஆபீஸ்ல நானே சொல்ற பழமொழிதான்."

அக்காவால் சிரிக்க முடியவில்லை.

அக்காவின் சம்மதம் இணையக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து மரியாதையாகப் பதில் வந்தது: வெளியீடு முடிந்துவிட்டது, திருப்பிக் கொடுத்தவர்கள் அதிகம், இதற்குமேல் அதில் ஆள் போட இப்போதைக்கு இயலாது. குழுவில் இருந்தவர்கள் விடவில்லை. பழைய வட்டிலிருந்து குரலைப் பிரித்தெடுத்து, புதிய பதிப்போடு ஒட்டிக்கொள்ளும்படி தாங்களே செய்து, அக்காவின் அனுமதியோடு இலவசமாகக் கொடுத்தார்கள். அதற்கே மாதக்கணக்கில் ஆனது. அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. புது விளையாட்டுகள் வந்தன. ஆப்பரேட்டரின் சங்கத்தார் திரும்பி வந்த பணத்தில் வேறு எதையோ வாங்கிவிட்டார்கள். ஆப்பரேட்டரும் இன்னும் ஓரிருவரும் மட்டும் விளையாடினார்கள். அவர் கூப்பிட்டு, "நல்லா இருக்குக்கா, அப்படியே இருக்கு" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை. அவர் தேடியது தன் சுகத்தை அல்ல. பத்துப் பேருக்கு அந்த வழி திறக்க வேண்டும் என்பதைத்தான். அது அந்த வெளியீட்டு நாளோடு போய்விட்டது.

முதலாளியோடும் அக்கா பேசினார். கட்டில் கடையின் எண்ணைத் தேடி எடுத்துத் தானே கூப்பிட்டார். அவர் பதறிப்போனார். பழைய விஷயத்தைத் தானாகவே எடுத்து, "அது என் சோம்பேறித்தனம்மா. உன் பேரைப் போட்டிருக்கணும். தப்புதான்" என்றார். எத்தனையோ வருஷம் எதிர்பார்த்த வார்த்தை. கேட்டபோது ஒன்றும் நிகழவில்லை.

"நடுவுல ஒருதடவை கூப்பிட்டேனே" என்றார் அவர். "கடையில யாரோ ஒரு அம்மா எடுத்தாங்க. நீ வெளிய போயிருக்கேன்னாங்க. சொல்லியிருப்பாங்க, நீயே கூப்பிடுவேன்னு இருந்துட்டேன். நீ கூப்பிடலை. சரி, இன்னும் கோபம்னு விட்டுட்டேன்."

அன்று போனை எடுத்துப் பேசியது தன் குரல்தான் என்று தெரிந்துகொண்டு அவர் அவமானப்பட்டிருப்பார் என்றே அக்கா இதுவரை நம்பியிருந்தார். அவருக்குக் குரல் பிடிபடவே இல்லை. 'பிரமாதம்' என்று சொன்ன அதே ஆள். அந்த அம்மா யார் என்று அக்கா சொல்லவில்லை. "ஆமாங்க, எனக்குச் சொல்ல மறந்துட்டாங்க" என்று மட்டும் சொன்னார்.

இப்போதெல்லாம் மதியத்தில் கடை ஓய்ந்திருக்கும் நேரம் அக்கா குழுவுக்காகத் தொலைபேசியில் பேசுகிறார். ஏதாவது பழைய விளையாட்டுக்குச் சம்மதம் வாங்க வேண்டியவர் பிடிகொடுக்கவில்லை என்றால் அவர் எண்ணை அக்காவிடம் தருகிறார்கள். போன வாரம் அப்படி ஓர் ஓவியரோடு பேசிக்கொண்டிருந்தார். என் சட்டைக்காக நான் நின்றிருந்தேன்.

"யார் மேலங்க கோபம்?" என்று கேட்டார் அக்கா. அந்தப் பக்கம் நீளமாக ஏதோ ஓடியது. அக்கா குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார். "எனக்கும் இப்படித்தாங்க இருந்துச்சு" என்று தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். பாதியிலேயே அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

"என்னக்கா, என்ன சொன்னார்?" என்றேன்.

"முடியாதாம்" என்றார். என் சட்டையை மடித்து உறைக்குள் போட்டு நீட்டினார். அந்த ஓவியரின் விளையாட்டு இன்னும் வெளிவரவில்லை.