இந்த ரோட்டுலயா மேடம்?

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்த பிறகு, ஐம்பது வயதில் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். வீடு ஸ்ரீரங்கத்தில், பிசியோதெரபி தில்லைநகரில். காலை மடக்கி ஆட்டோவில் உட்கார அவரால் முடியாது. கால் டாக்ஸிக்காரர்களில் பாதிப் பேர் சக்கர நாற்காலியைப் பார்த்ததும் கேன்சல் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். அதனால்தான் அந்த எஸ்யூவியை வாங்கினேன். பவுசுக்காக வாங்கவில்லை. அதன் இருக்கை சரியாக அவருடைய இடுப்பு உயரத்துக்கு இருந்தது, நான் கியர் மாற்ற வேண்டிய வேலையும் இல்லை. ஷோரூம் டிவியில் அதே வண்டி பாறைமேல் ஏறி ஒரு காட்டாற்றைக் கடந்துகொண்டிருந்தது. எனக்குக் காவிரிப் பாலத்தைக் கடந்தால் போதும் என்றேன். விற்றவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பிசியோதெரபி செய்யும் பெண் முதலிலேயே சொல்லிவிட்டார். "முதல் ஒரு வருஷம்தாங்க முக்கியம். அதுக்குள்ள கை எவ்வளவு திரும்புதோ அவ்வளவுதான். விடாம கூட்டிட்டு வாங்க." என் கணவருக்கு ஒரே ஆசைதான், தன் கையால் சாப்பிட வேண்டும். இன்னொருவர் ஊட்ட வாயைத் திறப்பது அவருக்கு அவமானமாக இருந்தது. ஊட்டுவது நான் என்றாலும் அவமானம்தான். சில மாதங்களில் விரல்கள் அசைந்தன. இட்லியைப் பிட்டு வாய்வரை கொண்டுபோய்த் தவறவிடுவார். தவறவிட்டதற்கே நான் பூரித்துப் போவேன்.

அந்தச் சமயம் பார்த்துக் குழாய் பதிக்க எங்கள் தெருவைத் தோண்டினார்கள். தோண்டிய இடத்தில் மண்ணையும் ஜல்லியையும் கொட்டிவிட்டுப் போனார்கள், மழையில் அது உள்வாங்கியது. எதிர்வீட்டு மாமா அதில் விழுந்து கணுக்கால் வீங்கிப் படுத்துக் கிடந்தார். நான் வார்டு உறுப்பினர் வீட்டுக்கு நடையாய் நடந்தேன். என் கணவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், ரோடு போட்டுக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். "வைகுண்ட ஏகாதசிக்குள்ள போட்டுடலாம் டீச்சர்" என்றார்.

வண்டி அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் கியர்பாக்ஸ் அதற்கெல்லாம் முன்பே, வாங்கிய புதிதிலேயே, உதற ஆரம்பித்துவிட்டது. முதல் சர்வீஸில் சொன்னேன். "புது வண்டி மேடம், போகப் போகச் சரியாயிடும்" என்றார்கள். ஐப்பசியில் ஒருநாள் காவிரிப் பாலத்தின் நட்டநடுவில் நின்றே விட்டது. பின்னால் வந்த பஸ் ஹாரனை அலறவிட்டதில் என் கணவர் குழந்தை மாதிரி அழுதுவிட்டார்.

சர்வீஸ் சென்டர் மேனேஜர் வண்டியைத் தூக்கி நிறுத்தி அடிப்பக்கத்தைக் காட்டினார். சேறு, கீறல்.

"ஆஃப்ரோடு ஓட்டியிருக்கீங்க மேடம். வாரன்டி வராது."

"வீட்டுலேருந்து தில்லைநகருக்கு ஓட்டினேன். இதுக்குப் பேரு ஆஃப்ரோடா?"

"வண்டி அடியைப் பாத்தா கொள்ளிடத்துக்குள்ள இறக்கின மாதிரில்ல இருக்கு?"

ஆற்றுக்குள் இறங்கும் வண்டி என்று படம் காட்டி விற்றவர்கள், இறக்கினாயா என்று கேட்டு மிரட்டுகிறார்கள். இன்சூரன்ஸில் கேட்டால், விபத்து நடக்கவில்லையே என்று கையை விரித்தார்கள். நான் விடவில்லை. எங்கள் தெருவை நேரில் வந்து பாருங்கள் என்று கம்பெனியோடு போனில் சண்டை போட்டேன். இழுத்தடித்து, மார்கழியில் ஓர் ஆளை அனுப்பச் சம்மதித்தார்கள்.

அவர் வரவேண்டிய நாளன்று காலை வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தால், தெரு கன்னங்கரேலென்று பளபளத்தது. ஏகாதசிக் கூட்டம் வருமுன் இரவோடு இரவாகத் தார் போட்டிருந்தார்கள். வார்டு உறுப்பினரின் ஆள் ஒருவர் வாயெல்லாம் பல்லாக நின்றார். "சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டோம் டீச்சர். உங்க தெருவுக்குத்தான் முதல்ல." நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல?

கம்பெனிக்காரர் வந்தார். தெருவை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இந்த ரோட்டுலயா மேடம்?"

போனில் இருந்த படங்களைக் காட்டினேன். பள்ளத்துக்குப் பின்னால் எங்கள் வீட்டு கேட் தெரிந்தது. "பள்ளம் தெரியுது மேடம். வண்டி வேற எங்கயும் போகலைன்னு இதுல தெரியலையே" என்றார். எதிர்வீட்டு மாமாவைக் கூப்பிட்டேன், நீங்களாவது சொல்லுங்கள் என்று. அவர் புது ரோட்டில் செருப்பைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே, "இப்போதான் நன்னா போட்டுட்டாளே, எதுக்கும்மா பழசையெல்லாம் கிளறிண்டு?" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். வீங்கிய கணுக்காலுக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீர்ப் பை கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். அன்றிலிருந்து அவரோடு பேச்சில்லை.

நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டேன். "வண்டியைத் தொட்டுடாதீங்க, அதுதான் நமக்குச் சாட்சி" என்றார் வக்கீல். சாட்சி ஷெட்டில் தூசி படிந்து நின்றது. வாய்தா மேல் வாய்தா. டாக்ஸி கிடைத்த நாளில் சிகிச்சைக்குப் போனோம், கிடைக்காத நாளில் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பினோம். போகப் போக அவரே "இன்னிக்கு வேண்டாம்" என்று சொல்ல ஆரம்பித்தார். வீட்டிலேயே நான் சொல்லிக் கொடுத்த பயிற்சியில் எனக்கே நம்பிக்கையில்லை.

கடைசியில் வக்கீல் பேச்சை மீறி, நியாயமும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் என்று, என் கைக்காசில் கியர்பாக்ஸை மாற்றினேன். வண்டி திரும்பி வந்தபோது ஆனி பிறந்துவிட்டது. அவருக்கு வாதம் வந்து ஒரு வருடம் கடந்திருந்தது. அவரை ஏற்றிக்கொண்டு தில்லைநகர் போனேன். அந்தப் பெண் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தார். விட்டதும் அவை மறுபடி மடங்கிக்கொண்டன. என் முகத்தைப் பார்க்காமல், "இனிமே இருக்கறதைக் காப்பாத்திக்கலாம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து இட்லித் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, எப்போதும்போல் காத்திருந்தேன். அவர் கையை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.