மனைவியின் ஜெபம்

பேருந்துப் பணிமனையின் பிரேக் பிரிவில் வேலை பார்த்த அவருக்கு ‘ஆமென்’ என்று பட்டப்பெயர். சாப்பிடுமுன் கண்ணை மூடி ஜெபிப்பார். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். ஆறு வருஷம் தனியாகவே சாப்பிட்டார். ஒருநாள் டயர் பிரிவு ஆட்கள் மூன்று பேர் கூப்பிட்டுத் தங்கள் நடுவில் உட்கார வைத்தார்கள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

முதலில் ஜெபம் சுருங்கியது. பிறகு நின்றே போனது. ஞாயிற்றுக்கிழமை கூடுதல் வேலை என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, ஆராதனை நேரத்தில் அந்த மூவரோடு சீட்டாடினார்.

மனைவிக்குத் திக்குவாய். சபையில் வாயே திறக்கமாட்டாள். வீட்டில் மட்டும், பத்து வயது மகளின் தலையில் கைவைத்துச் சத்தமாக ஜெபிப்பாள். ஒரு வாக்கியம் முடிய நேரமாகும்; மகள் அசையாமல் இருப்பாள்.

அந்த ஜெபத்தை அவர் டயர் பிரிவில் நடித்துக் காட்டினார். மூவருக்கும் புரையேறுமளவு சிரிப்பு. அப்புறம் அது தினப்படி வேடிக்கையாயிற்று. புதிதாக வேலைக்கு வந்தவர்களையும் பார்க்கக் கூட்டிவந்தார்கள்.

ஒரு மதியம், அவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு மனைவி வந்தாள். அவர் அவளுக்கு முதுகைக் காட்டியபடி, “ஆ... ஆ... ஆண்டவரே” என்று இழுத்துக்கொண்டிருந்தார். எதிரில் இருந்தவர்களின் முகம் மாறியதை ரசனை என்று நினைத்து இன்னும் சத்தமாக இழுத்தார். பிறகுதான் திரும்பினார்.

அவள் பாத்திரத்தைப் பெஞ்சில் வைத்தாள். “சா... சாப்பிட்டுருங்க. ஆ... ஆறிடும்.”

“அப்படியே இருக்குப்பா” என்றார் மூவரில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அவள் சண்டை போடவில்லை. அதற்குப் பிறகு சத்தமாக ஜெபிக்கவும் இல்லை.

மழைக்காலத்தில் மகளுக்குக் காய்ச்சல் கொதித்தது. ஜெபம் பண்ணச் சொல்லி அம்மாவைக் கெஞ்சினாள். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு ஈரத்துணியை மட்டும் மாற்றினாள். அவர் போய் மகளின் தலையில் கைவைத்தார். வாயைத் திறந்தார். தன்னுடைய சொல் என்று ஒன்றும் அகப்படவில்லை. பழகிய நாக்கு, “ஆ... ஆ...” என்று இழுத்தது.

மகள் அவர் கையைத் தட்டிவிட்டாள். “அம்மா மாதிரி பண்ணாதீங்கப்பா.”

காய்ச்சல் நான்காம் நாள் இறங்கியது. நடந்ததை அவர் டயர் பிரிவில் சொன்னார். நெஞ்சு பொறுக்காமல்தான் சொன்னார். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னார்கள்.

செய்து காட்டினார்.