ஐம்பத்தெட்டு வீட்டுச் சம்மதம்

பாலக்காட்டில் ஒரு கல்லூரியின் ஆய்வுப் பிரிவு அலுவலகத்தில், டிசம்பர் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், கிளார்க் ஷஹ்லா ஒரு ஜவுளிக்கடைப் பையை மேசைமேல் கவிழ்த்தாள். இடுக்கி மலையில் இருக்கும் ஏலப்பாறையிலிருந்து கூரியரில் வந்த பை. உள்ளே இருந்திருக்க வேண்டியது ஐம்பத்தெட்டுத் தாள்கள். விழுந்தவை இருநூறு இருக்கும்.

"சார், இது என்னங்க, புராஜெக்டா ரேஷன் கடையா?" என்றாள் ஷஹ்லா. ஊர்ப் பெரிய சந்தையான வலியங்காடியில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். சரக்கு கூடினாலும் குறைந்தாலும் அவளுக்கு உடனே தெரியும்.

ஒவ்வொரு சம்மதபத்திரத்தோடும் ரேஷன் கார்டு நகல், ஆதார் நகல், குண்டூசியில் குத்திய போட்டோ. சிலர் வீட்டு எண்ணுக்குக் கீழே விவரமும் சேர்த்திருந்தார்கள். 'பின்சுவர் விழுந்துவிட்டது.' 'மழைக்கு மூன்று சட்டி வைக்கிறோம்.' 'கக்கூஸ் இல்லை, பெண் பிள்ளை இருக்கிறது.'

உதவிப் பேராசிரியர் மாரீஸ்வரன் கேட்டிருந்தது கையெழுத்தை மட்டும்.

என்ன நடந்திருக்கிறது என்று அவருக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில், பிறந்திருந்தால் போதும். அவருடைய அப்பா ராக்கப்பன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கல்யாண வீட்டுக்குப் போகும்போதும் சட்டைப் பையில் ஒரு ரேஷன் கார்டு நகல் வைத்திருப்பார். எங்கே எவன் பேப்பர் நீட்டுவான் என்று சொல்ல முடியாது, நகல் இல்லாத மனு மலையை விட்டு இறங்காது என்பது அவர் கட்சி. பட்டாவுக்கு நகல், கூரைத் தகட்டுக்கு நகல், பென்ஷனுக்கு நகல். மகனின் ஹாஸ்டல் விண்ணப்பத்துக்கு ஒன்று கேட்டார்கள், அவர் மூன்று கொடுத்தார். அந்த மூன்றில் ஏறித்தான் மாரீஸ்வரன் பாலக்காடு வரை வந்து சேர்ந்தார்.

ஆக, ஐம்பத்தெட்டு வீட்டாரும் வீடு வரப்போகிறது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

வரப்போவது வீடு இல்லை. டெல்லியில் ஒரு அறக்கட்டளை ஆராய்ச்சிக்கு நிதி தருகிறது. 'மலைத்தோட்டக் குடியிருப்புகளில் ஈரமும் மூச்சுக் கோளாறும்' என்று மாரீஸ்வரன் ஒரு திட்டம் எழுதியிருந்தார். மூன்று வருடம் சுவரின் ஈரத்தைக் கருவி வைத்து அளப்பார்கள், பிள்ளைகளின் இளைப்பைக் குறித்துக்கொள்வார்கள், கட்டுரை எழுதுவார்கள். திட்டத்தில் கருவி உண்டு, லேப்டாப் உண்டு, வெளிநாட்டுக் கருத்தரங்கம் ஒன்று உண்டு. கூரைக்கு ஒரு தகடுகூடக் கிடையாது. விண்ணப்பத்தோடு குறைந்தது ஐம்பது வீட்டாரின் சம்மதம் வேண்டும் என்பது நிபந்தனை. வெளி நிதியில் ஒரு திட்டமாவது இல்லாமல் அடுத்த பதவி உயர்வு இல்லை என்பது கல்லூரியின் நிபந்தனை. எட்டு வருடமாக அவர் அந்த ஒரு படியிலேயே நிற்கிறார்.

குற்ற உணர்ச்சி அவருக்குப் புதிதல்ல. இந்த விண்ணப்பத்தின் முதல் வரியே 'நான் ஒரு லயத்தில் பிறந்தவன்' என்றுதான் தொடங்கும். பாலக்காட்டில் அந்தச் சொல்லை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அப்பா டீ கம்பெனியில் இருந்தார் என்பார், அது பொய்யில்லை. வரைவைப் படித்த மனைவி இந்து, பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்காரி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்:

"ஏனுங்க, எங்கப்பாகிட்ட பத்து வருசமா குவார்ட்டர்ஸுன்னு சொன்னீங்க. டெல்லிக்காரனுக்கு மட்டும் லயமுங்களா?"

அவர் அந்த வரியை எடுக்கவில்லை. நல்ல வரி அது.

ஷஹ்லா குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினாள். அடையாள ஆவணங்களை அறக்கட்டளையின் போர்ட்டலில் ஏற்றக்கூடாது என்பது விதி. போட்டோக்களை வரிசையாக அடுக்கியவள் கையை நிறுத்தினாள்.

"எல்லாப் போட்டோலயும் பின்னாடி ஒரே நீலத் திரைங்க, சார். எல்லாரும் ஒரே ஸ்டூடியோக்குப் போயிருக்காங்க."

மேல் தோட்டத்திலிருந்து ஜீப் பிடித்து இறங்கியிருக்கிறார்கள். அதற்காக ஒரு நாள் கொழுந்து கிள்ளுவதை விட்டிருக்கிறார்கள். பெரும்பாலான பெண்கள் பட்டுப்புடவையில் இருந்தார்கள்.

"சொல்லணும், ஷஹ்லா" என்றார்.

"யார்கிட்டங்க?"

"அவங்ககிட்ட. வீடு இல்லைன்னு."

"சொன்னா திரும்பக் கேப்பாங்க. அம்பதுக்குக் கீழ போனா போர்ட்டல் எடுக்காது. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிதான் கடைசி." ஒரு ஊசியை டப்பாவில் போட்டாள். "சொல்லலேன்னா யாருக்கும் தெரியாதுங்க."

"உங்களுக்குத் தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சா என்னங்க. நானா வீடு கேட்டேன்?"

செவ்வாய் முழுவதும் யோசித்துவிட்டு, புதன்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டு இரவு பஸ் ஏறினார். கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக நல்ல வழி தமிழ்நாடுதான் என்பது அவருடைய பழைய கருத்து. பொள்ளாச்சி, பழனி, தேனி என்று சுற்றிக் கம்பம் வந்து, குமுளி ஏறி, குட்டிக்கானத்தில் பஸ் மாறி, வியாழன் மத்தியானம் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தார். கம்பெனி கைவிட்டுப் போன தோட்டம் அது. கிள்ளும் கொழுந்தைத் தொழிலாளர்களே விற்றுக்கொள்கிறார்கள். லயங்களுக்கு இப்போது சொந்தக்காரர் யாருமில்லை, மழையைத் தவிர.

கையெழுத்து வாங்கி அனுப்பியவள் அப்பாவின் தங்கை சுருளியம்மாள். வாசலில் சாக்கு உதறிக்கொண்டிருந்தாள்.

"ஏய்யா மாரி, ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக்கூடாதா? கருவாடு வாங்கி வச்சிருப்பேன்ல."

"அத்தே, அந்தப் பேப்பர் வீட்டுக்கு இல்ல."

"எந்த வீட்டுக்கு?"

"எந்த வீட்டுக்குமே இல்ல. சுவத்துல எவ்வளவு ஈரம்னு அளப்போம், எழுதுவோம். அவ்வளவுதான்."

"அது எனக்குத் தெரியுமே."

அவர் பையை இறக்கி வைத்தார்.

"நீ போன்ல சொன்னது எனக்கு வெளங்காமலா போச்சு? ஈரத்த அளக்க வாரான், கையெழுத்துப் போடுங்கன்னு சொன்னா எவளாவது வருவாளா? கைய வச்சாலே தெரியுத ஈரத்துக்கு மெஷின் எதுக்குன்னு கேப்பாளுக. வீடுன்னேன். வந்தாளுக."

"பொய்யில்லையா அத்தே அது?"

"பொய்தான். உனக்கு அம்பது வேணும்னியே."

தன் தவறை ஒத்துக்கொள்ள வந்த மனிதருக்கு, அதில் பாதியை வேறொருவர் தனக்காகச் செய்து வைத்திருப்பது தெரிய வந்தால் பாரம் பாதியாக வேண்டும். மாரீஸ்வரனுக்கு இரண்டு மடங்கானது. நானே எல்லாரிடமும் சொல்கிறேன் என்றார். "சொல்லு. படிச்சவன் நீ சொன்னா எடுபடும்" என்றாள் சுருளியம்மாள், வருத்தம் எதுவும் இல்லாமல்.

மூன்றரை மணிக்குக் கொழுந்து எடை முடிந்ததும் தண்ணீர்க் குழாயடியில் நாற்பது பேர் போலக் கூடினார்கள். வகுப்பறைத் தமிழைக் கழற்றி வைத்துவிட்டு அவர் சொன்னார். வீடு கிடையாது. தகடு கிடையாது. பென்ஷன் கிடையாது. இது அளந்து எழுதுகிற வேலை, எழுதுவதால் தனக்குத்தான் லாபம். வேண்டாம் என்பவர்கள் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், தாள்கள் கையோடு வந்திருக்கின்றன.

தனக்குத்தான் லாபம் என்ற இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் சொல்லிவிட்டார்.

பின்சுவர் விழுந்த வீட்டு வேலுத்தாய் இடுப்பில் கை வைத்து நின்றாள். "முடிச்சிட்டியா தம்பி?"

"முடிச்சிட்டேன்க்கா."

"இங்க வந்து வீடு தாரேன்னு சொன்னவன் ஏழு பேரு. ஒருத்தனும் தரல. தரமாட்டேன்னு சொல்ல இம்புட்டுத் தூரம் பஸ்ஸேறி வந்தவன் நீ ஒருத்தன்தான். நெசமாவே தராதவனுக்கு இந்தக் கஷ்டம் எதுக்கு?"

கூட்டம் சிரித்தது. பழைய யூனியன்காரர் பெரியமுத்து தொண்டையைச் செருமினார்.

"விடு வேலுத்தாயி. மேல இருந்து சொல்லியிருப்பாக, பாஸாகுற வரைக்கும் வாயத் தெறக்கக் கூடாதுன்னு. அவன் வேலைக்கு வினையாயிரும்."

"இல்ல மாமா, சத்தியமா அப்படி எதுவும் இல்ல."

"சரிப்பா. நீ சொல்லிட்ட, நாங்க கேட்டுக்கிட்டோம். சட்டத்துக்கு அது போதும்."

மறுக்க மறுக்க நம்பிக்கை வளர்ந்தது. வகுப்பில் எதைச் சொன்னாலும் நம்பாத பிள்ளைகளோடு பதினைந்து வருடம் கழித்தவருக்கு இப்படி ஒரு வெற்றி வாய்த்தது. ஒருவர்கூடத் தாளைத் திரும்பக் கேட்கவில்லை. இதுவரை கையெழுத்துப் போடாத நான்கு வீட்டார் ஓடிப்போய் ரேஷன் கார்டு நகலோடு வந்தார்கள். வேலுத்தாய் இன்னொரு போட்டோவை அவர் சட்டைப் பையில் செருகினாள்.

"முந்தினதுல கண்ண மூடியிருக்கேன். இத வச்சுக்க."

அன்று தங்கி வீடு வீடாகப் போயிருக்கலாம். ஒவ்வொருவரையும் தனியே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் சிலராவது நம்பியிருப்பார்கள், அதாவது வீடு வரும் என்று நம்பாமல் இருந்திருப்பார்கள். ஆனால் ஐந்தே முக்காலுக்கு ஒரு பஸ் இருந்தது. அதன் ஹார்ன் கேட்டதும் நெஞ்சில் ஏற்பட்ட நிம்மதியை அவர் பிறகு பல தடவை வெட்கத்தோடு நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு ஷஹ்லா கணினி முன் காத்திருந்தாள்.

"சொன்னீங்களா சார்?"

"சொன்னேன்."

"எத்தனை பேர் திரும்ப வாங்கினாங்க?"

அவர் புதிய நான்கு தாள்களை மேசையில் வைத்தார். அவள் அவற்றைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு குண்டூசிகளைப் பிடுங்கினாள்.

அறுபத்திரண்டு சம்மதமும் தடங்கலில்லாமல் ஏறின. கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரு கேள்வி. இந்த ஆய்வினால் பங்கேற்பவர்களிடம் தவறான எதிர்பார்ப்போ பாதிப்போ உண்டாக வாய்ப்பு இருக்கிறதா? உண்டு, இல்லை என்று இரண்டு வட்டங்கள்.

மாரீஸ்வரன் 'உண்டு' என்பதை அழுத்தினார். அந்த வாரத்தில் அவர் செய்த மிகச் சுலபமான காரியம் அது. உடனே சிவப்பில் ஒரு கட்டம் திறந்து, நெறிமுறைக் குழுவின் தனிச் சான்றிதழைக் கேட்டது. குழு இனி ஜனவரியில்தான் கூடும்.

"போக மாட்டேங்குதுங்க" என்றாள் ஷஹ்லா. "இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு."

அவர் சிவப்புக் கட்டத்தை மூடிவிட்டு மறுபடி 'உண்டு' என்பதை அழுத்திப் பார்த்தார், அதே கட்டம் வந்தது.

"நீங்க சொல்லிட்டுத்தானே வந்தீங்க சார். சொன்னதுக்கப்புறமும் நம்பினா அது அவங்க பாடுங்க."

"நீங்க நெசமாவே அப்படித்தான் நினைக்கிறீங்களா?"

"நான் கிளார்க்குங்க. நான் என்ன நினைக்கிறேன்னு இந்த ஃபார்ம்ல எங்கயும் கேக்கல."

நான்கு மணி ஐம்பத்தைந்துக்கு அவர் 'இல்லை' என்பதை அழுத்தினார். பக்கம் மறுபேச்சில்லாமல் திறந்தது. பச்சை எழுத்தில் நன்றி சொல்லி, ஒரு விண்ணப்ப எண்ணும் கொடுத்தது. எட்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு படி ஏறியிருந்தார்.

வராந்தாவுக்கு வந்தபோது போன் அடித்தது. சுருளியம்மாள்.

"அனுப்பிட்டியாய்யா?"

"அனுப்பிட்டேன் அத்தே. முடிவு தெரியுறதுக்கு ஆறு மாசமாகும்."

"ஆறு மாசம்னா மழை வந்துருமே." அவள் சாக்கை உதறும் சத்தம் கேட்டது. "ஏய்யா, ஒண்ணு கேக்கேன், கோவிக்காத. நேத்து நீ அம்புட்டு அடிச்சுச் சொன்னத யோசிச்சுப் பாத்தா எனக்கே ஒரு மாதிரியாயிருக்கு. நான் பொய்யாத்தான் வீடுன்னு சொன்னேன். நெசமா ஏதும் வருதா?"

"வராது அத்தே."

"எங்கிட்டயுமா மறைக்கே?"

"சத்தியமா வராது அத்தே."

"சரிய்யா, சரி" என்றாள் அவள் குரலைத் தாழ்த்தி. "நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன்."